மின்தடை நாளன்று யு.பி.எஸ். பதிவுகளைப் படித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக எந்தெந்தத் துணைமின் நிலையப் பகுதிகளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின் விநியோகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தவறாமல் வெளியாகிறது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவைக்கவும், மாவு அரைத்துக்கொள்ளவும், கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுவைக்கவும் வாசகர்கள் அதைப் பார்க்கிறார்கள். பாலிடெக்னிக் ஒன்றின் மின்னியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற நானும் நாள்தோறும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் தேடுகிறேன். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் மூலையில் வைக்கப்பட்டு, மின்சாரம் நின்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யு.பி.எஸ். இயந்திரங்கள் தம் நிலைமையைத் தாமே எழுதிவைக்கும் நாள் அது. அவை எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டிய குறை.

சென்ற ஆண்டு கோடையில், எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. 10 கே.வி.ஏ. திறனுள்ள ஆன்லைன் யு.பி.எஸ்., பதினான்கு மாதங்களுக்கு முன்புதான் மாற்றப்பட்ட பதினாறு பேட்டரிகள், ஒரு மணி நேரம் தாங்கும் என்று விற்றவர் எழுதிக்கொடுத்த உறுதி எல்லாம் இருந்தும், நான்காவது நிமிடம் முடிந்ததும் நாற்பது கணினிகளும் ஒன்றாக அணைந்தன. மாணவர்கள் அதுவரை எழுதிய நிரல்கள் போயின. அதற்கு முந்தைய நிமிடம்வரை யு.பி.எஸ்.ஸின் திரை நூறு விழுக்காடு சார்ஜ் இருப்பதாகவும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றும் காட்டிக்கொண்டிருந்ததாம். பேட்டரி போலி என்றார் ஒருவர். வெயில் என்றார் இன்னொருவர். பழைய பழக்கத்தின் காரணமாக என்னையும் வந்து பார்க்கச் சொன்னார்கள்.

பேட்டரி அறையைத் திறந்ததும் அமில நெடி அடித்தது. பதினாறில் மூன்று பேட்டரிகளின் பக்கச்சுவர்கள் வயிறு உப்பியதுபோல் புடைத்திருந்தன. லோடு கொடுத்து ஒவ்வொன்றாக அளந்தபோது பதின்மூன்று பேட்டரிகள் 11.8 வோல்ட் அளவில் நின்றன. புடைத்த மூன்றும் சில நிமிடங்களில் நான்கரை வோல்ட்டுக்கு இறங்கின. பதின்மூன்றும் சேர்ந்து 153.4, மூன்றும் சேர்ந்து 13.5, ஆக மொத்தம் 166.9 வோல்ட். அந்த யு.பி.எஸ்.ஸில் நிறுத்த எல்லையாக, அதாவது அதற்குக் கீழே போனால் தானே அணைந்துகொள்ளும் அளவாக, வைக்கப்பட்டிருந்தது 168 வோல்ட், பேட்டரி ஒன்றுக்குப் பத்தரை வோல்ட். ஆகவே இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டபடி நடந்துகொண்டு, சரியான நேரத்தில்தான் நின்றிருக்கிறது. தொடரிணைப்பில் மூன்று பேர் கையை விட்டால் மற்றப் பதின்மூன்று பேரும் பயனில்லாமல் போவார்கள் என்பதைப் பாடமாக நடத்தியவன்தான் நான். ஆனாலும் கண்முன் நடக்கும்போது வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த மூன்றும் ஏன் புடைத்தன என்பதற்கான விடை முன்பலகையின் அமைப்புப் பட்டியலில் இருந்தது. முன்பு அங்கே இருந்தவை தண்ணீர் ஊற்றும் டியூபுலர் வகை, 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டவை. புதிதாக வைக்கப்பட்டவை மூடி முத்திரையிட்ட எஸ்.எம்.எஃப். வகை, 65 ஆம்பியர்-மணி. பேட்டரி மாறியது; அமைப்பு மாறவில்லை. பட்டியலில் அப்போதும் '100' என்றே இருந்தது. திரை காட்டிய இரண்டு மணி நேரக் கணக்கு அந்தப் பழைய எண்ணிலிருந்து வந்ததுதான்.

அதைவிடப் பெரிய கேடு சார்ஜ் செய்யும் முறையில் இருந்தது. மின்சாரம் போய்த் திரும்பியவுடன் பேட்டரி ஒன்றுக்கு 14.4 வோல்ட் வீதம், மொத்தம் 230 வோல்ட்டுக்குச் சற்று மேலாக, எட்டு மணி நேரம் பூஸ்ட் சார்ஜ் (கூடுதல் மின்னழுத்தத்தில் வேகமாக ஏற்றுவது) தரவேண்டும் என்று டியூபுலர் பேட்டரிக்காக யாரோ ஒரு காலத்தில் அமைத்திருக்கிறார்கள். டியூபுலரில் இதனால் தண்ணீர் குறையும், குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். மூடிய பேட்டரியில் ஊற்ற வழியில்லை. ஆழமாக இறங்கிய பேட்டரியை ஏற்றுவதற்கு 14.4 வோல்ட் சில மணி நேரம் இருந்தால் மூடிய வகையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அரை நிமிடம் மின்சாரம் போய் வந்தாலும் எட்டு மணி நேரம் என்றால், நாளுக்கு இரண்டு முறை கண்சிமிட்டும் நம் ஊர் மின்சாரத்தில் அந்தப் பேட்டரிகள் ஏறக்குறைய எப்போதும் பூஸ்ட்டிலேயே வெந்துகொண்டிருந்தன என்று பொருள். ஏறி முடிந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கத் தரும், மிதவை நிலை என்று சொல்லப்படும் ஃப்ளோட் மின்னழுத்தமும் 13.8 என்ற உச்ச வரம்பில் இருந்தது. மூடிய ஈய-அமிலப் பேட்டரிக்குச் செல் ஒன்றுக்கு 2.25 முதல் 2.30 வோல்ட், அதாவது ஆறு செல்கள் கொண்ட 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5 முதல் 13.8 வோல்ட் என்பது 25 டிகிரி வெப்பநிலைக்குச் சொல்லப்பட்ட அளவு. வெப்பம் ஏற ஏற, டிகிரி ஒன்றுக்குச் செல்லுக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட் வீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் பிற்பகலில் நான் அளந்தது 38 டிகிரி. பதின்மூன்று டிகிரி கூடுதலுக்குப் பேட்டரி ஒன்றுக்கு 0.23 வோல்ட் குறைத்திருக்க வேண்டும். அதைத் தானாகச் செய்யும் வசதி அந்த இயந்திரத்திலேயே உண்டு. அதற்கான வெப்ப உணரியின் கம்பி, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், பேட்டரி அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

இதில் ஒரு பழைய கணக்கும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குறிப்பாக 2012-இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பேட்டரிகள் மீண்டும் மீண்டும் அடிவரை இறங்கி, முழுதாக ஏற நேரம் கிடைக்காமல் செத்தன. ஆகவே எவ்வளவு வேகமாக ஏற்ற முடியுமோ அவ்வளவு வேகமாக ஏற்று என்பதே அன்றைய அமைப்பின் நியாயம். இன்று நிலைமை மாறிவிட்டது; மாதத்தில் ஒரு நாள் நீண்ட தடை, மற்ற நாள்களில் நொடிக்கணக்கில் சிறு தடைகள். இன்றைய பேட்டரிகள் பட்டினியால் சாவதைவிட, வெப்பத்தாலும் அளவுக்கு மீறிய சார்ஜாலும் சாவதே அதிகம் என்பது நான் பார்த்த அளவில் என் கருத்து. ஆனால் பழுதுபார்க்க வருபவர்களின் கை இன்னும் அந்தக் காலத்து எண்களையே அழுத்துகிறது.

இனி நிகழ்வுப் பதிவுக்கு வருகிறேன். இயந்திரத்தின் திரையில் 'ஈவென்ட் லாக்' என்ற பெயரில் இருக்கும் இதை அந்தக் கல்லூரியில் யாரும் ஒரு முறைகூடத் திறந்ததில்லை. நெட்வொர்க் கார்டு வழியாக நான் திறந்து பார்த்தபோது, தேர்வு நாளில் '03:34:12 மெயின்ஸ் ஃபெயில்', அதே நொடியில் 'ஆன் பேட்டரி', பிறகு '03:37:40 பேட்டரி லோ', '03:38:25 அவுட்புட் ஆஃப்' என்று நான்கு வரிகள் வரிசையாக இருந்தன. விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆய்வகம் பூட்டியிருந்தது, ஆகவே இது வேறு ஏதோ கோளாறு என்று அலுவலகத்தில் வாதிட்டார்கள். கார்டின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள் என்றேன். 9 மணி 4 நிமிடம். தேர்வறையில் விளக்கு அணைந்த அதே நிமிடம். முன்பலகைக் கடிகாரமோ இன்னும் மோசம். அது 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இருந்தது. உள்ளே உள்ள நாணய அளவுப் பேட்டரி தீர்ந்ததும் தேதி தொடக்கத்துக்குப் போய்விடும். தேதி தவறிய பதிவு, முத்திரைத் தேதி அழிந்த கடிதம் போன்றதுதான். செய்தி இருக்கும், எதனோடும் பொருத்திப் பார்க்க முடியாது.

அதே பதிவில் இன்னும் முக்கியமான செய்தி மேலே இருந்தது. பல இயந்திரங்களைப்போல அதுவும் 14 நாள்களுக்கு ஒருமுறை தானே சில நொடிகள் பேட்டரியில் ஓடிச் சோதித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. தேர்வுக்கு முன் தொடர்ச்சியாக ஆறு முறை 'பேட்டரி டெஸ்ட் ஃபெயில்ட்' என்று பதிவாகியிருந்தது. ஏறக்குறைய பத்து வாரங்களாக அந்த இயந்திரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. வகுப்பு நடக்கும்போது தொந்தரவாக இருக்கிறது என்று அதன் பஸ்ஸரை யாரோ நிறுத்திவைத்திருந்தார்கள். மின்னஞ்சல் எச்சரிக்கைக்கான முகவரிக் கட்டம் காலியாக இருந்தது. அந்தச் சோதனையில் 'பாஸ்' என்று வந்துவிட்டால் எல்லாம் நலம் என்று நினைத்துவிடவும் கூடாது என்பதை இங்கே சொல்லவேண்டும். சில நொடிச் சோதனை, முழுவதும் செத்த பேட்டரியைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதி வலுவிழந்த பேட்டரி அதில் தேறிவிடும். ஆகவேதான் பராமரிப்பு மின்தடை நாளை நான் பெரிதாகக் கருதுகிறேன். உண்மையான லோடுடன், முன்பே தெரிந்த நேரத்தில், செலவில்லாமல் கிடைக்கும் சோதனை அது ஒன்றுதான்.

பதிவைப் படிக்கத் தெரிந்தால் பேட்டரியின்மீது வீண்பழி விழாமலும் காக்கலாம். ஒரு சிறு மருத்துவமனையில் மின்சாரம் போன இருபது நொடியில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, விளக்குகளும் மின்விசிறிகளும் இயங்கிக்கொண்டிருந்தபோதே, யு.பி.எஸ். மட்டும் பேட்டரியிலேயே ஓடி, முக்கால் மணி நேரத்தில் அணைந்துபோனது. புதுப் பேட்டரிக்கு விலைப்புள்ளி வாங்கும் வரை போய்விட்டார்கள். பதிவில் பார்த்தால், ஜெனரேட்டர் ஓடிய நேரம் முழுவதும் 'இன்புட் ஃப்ரீக்வென்சி அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற வரியும், மெயின்ஸுக்குத் திரும்பியது, பேட்டரிக்கு மாறியது என்ற வரிகளும் மாறிமாறிப் பக்கம் பக்கமாக இருந்தன. அது லைன் இன்டராக்டிவ் வகை, அதாவது உள்ளே வரும் மின்சாரத்தின் அழுத்தத்தை மட்டும் சரிசெய்து அப்படியே வெளியே விடும் வகை. அதன் உணர்திறன் மிக நுட்பமாகவும், அலைவெண் எல்லை ஐம்பது ஹெர்ட்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஹெர்ட்ஸ் என்றும் வைக்கப்பட்டிருந்தது. ஜெனரேட்டரோ லோடு குறைவாக இருந்ததால் 51.5 ஹெர்ட்ஸில் ஓடியது. எல்லையை மூன்று ஹெர்ட்ஸாகத் தளர்த்தி, உணர்திறனைக் குறைத்து, மெக்கானிக்கை அழைத்து ஜெனரேட்டரின் வேகக் கட்டுப்பாட்டையும் சரிசெய்தோம். பழைய பேட்டரிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய சர்வரை ஒழுங்காக அணைக்க ஆறு நிமிடம் ஆகிறது. 'பேட்டரி லோ' எச்சரிக்கையோ இரண்டு நிமிடத்துக்கு முன் வரும்படி இருந்தது. அதையும் பத்து நிமிடமாக மாற்றினோம்.

இவ்வளவு பதிவும் நிலையாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இயந்திரத்தின் நினைவகத்தில் சில நூறு வரிகளுக்குத்தான் இடம் இருக்கும். நிறைந்ததும் பழையது அழிந்து புதியது மேலெழுதப்படும். மேற்சொன்ன மருத்துவமனையில் நடந்ததுபோல் ஜெனரேட்டர் ஒரு மாலைப்பொழுதில் ஆட்டம் காட்டினால், மூன்று மாதப் பதிவு அன்றே மறைந்துவிடும். ஆகவே மாதம் ஒருமுறை அதை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவோ, பதிவு வரிகளை நெட்வொர்க்கில் அனுப்பும் சிஸ்லாக் முறை வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டும். எந்த நிறுவனத்தின் யு.பி.எஸ்.ஸாக இருந்தாலும், பேட்டரியில் ஓடிய நொடிகள், மீதமுள்ள நிமிடங்கள், சார்ஜ் விழுக்காடு, பேட்டரி மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை ஒரே முறையில் கேட்டுப் பெறுவதற்கான பொது வரையறை 1994 மே மாதத்திலேயே இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையான ஆர்.எஃப்.சி.யில் 1628 என்ற எண்ணில் வெளியாகிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளும் கட்டணமில்லா மென்பொருள்களும் உள்ளன. லினக்ஸ் பயன்படுத்துவோர் 'நெட்வொர்க் யு.பி.எஸ். டூல்ஸ்' என்பதை அறிந்திருப்பார்கள். கணினித் துறை உள்ள ஒரு கல்லூரியில் மாணவர் ஒருவரின் செயல்திட்டமாகவே இதைச் செய்து முடிக்கலாம். ஆனால் அந்தக் கார்டை வெளி இணையத்தில் திறந்து வைக்க வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையும் அப்படியே விட வேண்டாம். இணையத்தோடு இணைக்கப்பட்ட யு.பி.எஸ்.களுக்குள் மாற்றப்படாத கடவுச்சொற்கள் வழியாக நுழைகிறார்கள் என்று அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவும் அந்நாட்டு எரிசக்தித் துறையும் 2022 மார்ச்சில் எச்சரித்திருக்கின்றன.

கடவுச்சொல் என்றதும் என் உண்மையான மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் அமைப்புகளைத் திருத்த முனைந்தபோது சர்வீஸ் கடவுச்சொல் கேட்டது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவரிடம் கேட்டபோது, அது கம்பெனி ஆள்களுக்கு மட்டுமே உரியது என்றார். சரி, அவர்களே வந்து மாற்றட்டும் என்றோம். வந்த இளைஞர் நல்லவர், வேலையும் தெரிந்தவர். ஆனால் புதுப் பேட்டரி வைத்து முடித்ததும் முதல் வேலையாகப் பதிவு முழுவதையும் அழித்தார். கேட்டால், புதுப் பேட்டரி வைத்தால் கிளியர் செய்வதுதான் வழக்கம் என்றார். பேட்டரிக்கு வாரன்டி கோருவதற்கான ஒரே சாட்சியம் அந்தப் பட்டியல்தான். முன்தினமே நான் அதைப் படியெடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஒப்பந்தக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை கே.வி.ஏ., எத்தனை நிமிடம், எத்தனை பேட்டரி, என்ன விலை என்பதற்கு மேல் வாங்குவோரின் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு சொல்லும் இருப்பதில்லை. பேட்டரியின் வகை, எண்ணிக்கை, ஆம்பியர்-மணி, ஃப்ளோட், பூஸ்ட், சார்ஜ் ஆம்பியர், நிறுத்த எல்லை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு வைக்க வேண்டும். படியெடுத்துக் கொடுக்காமல் பதிவை அழிக்கக் கூடாது. படித்துப் பார்க்கும் அளவுக்காவது ஒரு கடவுச்சொல்லை உரிமையாளரிடம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குக் கூடுதலாக ஒரு காசும் ஆகாது. அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் கொள்முதல் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் டியூபுலர், எஸ்.எம்.எஃப். என்று எழுதிய ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருக்கும். பேட்டரி மாற்ற வருபவர் இன்வெர்ட்டரைச் சுவரோரம் தள்ளி வைப்பதற்கு முன், அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். அமைப்பைப் பார்ப்பதற்கும் பதிவைப் படிப்பதற்கும் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெரிய யு.பி.எஸ்.களின் பேட்டரி இணைப்புகளில் மட்டும், மெயின்ஸை அணைத்த பின்னும், இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அங்கே பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

கல்லூரியில் புதுப் பேட்டரிகளுக்கு ஃப்ளோட் 13.5, பூஸ்ட் தேவைப்படும்போது மட்டும், ஆம்பியர்-மணி 65, சார்ஜ் ஆறரை ஆம்பியர் என்று அமைத்து, வெப்ப உணரியின் உறையைப் பிரித்து இரண்டு பேட்டரிகளுக்கு இடையில் ஒட்டினோம். ஆய்வக உதவியாளர் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிவந்தார். தங்கள் நாளிதழில் வந்த அறிவிப்பை வெட்டி அதன் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். அதன் கீழே அவருடைய கையெழுத்தில், தடை தொடங்கிய நேரம் 9.02, அப்போது 216 வோல்ட், ஒரு மணி நேரம் கழித்து 189 வோல்ட், அறை வெப்பம் 34 டிகிரி என்று எழுதியிருக்கிறது. அதே லோடில் அடுத்த மாதமும் ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே எண் வருகிறதா என்று பார்க்க, இப்போது அவரும் மின்தடை அறிவிப்புக்காகக் காலையில் நாளிதழைத் தேடுகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆய்வகப் பயிற்றுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.